858

சிங்கத்துக்குச் சாரம் கட்டியிருந்தார்கள்.
பச்சை வலைக்குள் எங்கோ அதன் வாய்.
தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள்.
"ஆஸ்பத்திரியில கெடக்குற மாதிரி இருக்குடி"
என்றாள் செண்பகவல்லி.
மெல்போர்னுக்கு அவள் விமானம் இரவு எட்டரைக்கு.
இடையில் கிடைத்த பதினோரு மணி நேரத்தில்
இரண்டு, குடிநுழைவு வரிசைக்கே போய்விட்டது.

வலைக்கு முன்னாலும் நின்று படமெடுத்தார்கள்.
சிங்கம் துப்பவேண்டிய திசையில்
ஒரு சிறுவன் வாயைப் பிளந்து காட்ட,
அவன் அப்பா மண்டியிட்டுக் கோணம் பார்த்தார்.
எதிர்க்கரையில் மூன்று கோபுரங்கள்
கப்பலைத் தலையில் சுமந்து நின்றன.
"அத சினிமாவுலயே நாலு தடவ பாத்தாச்சு.
நீ எங்க போவ, லீவு நாள்ல?"

பத்தொன்பது வருடம் இந்த ஊரில்.
விருந்தாளிகளுக்கென்று ஒரு பட்டியல் உண்டு:
சிங்கம், பூந்தோட்டம், முஸ்தஃபா,
மறந்த சாமானுக்காக மறுபடி முஸ்தஃபா.
நான் போகிற இடம் ஒன்றுகூட அதில் இல்லை.
இருக்கிற ஒரே இடத்தைச் சொல்லவும் கூச்சம்,
வந்தவர்களுக்கு அடுக்களை இழுப்பறையைத்
திறந்து காட்டுவது போல.

"வெந்நீர் ஊத்து ஒண்ணு இருக்கு" என்றேன்.
"முட்ட வாங்கிட்டுப் போகணும்."

சிவப்புத் தடத்தில் யீஷூன் வரை.
பத்துக்குக் குறைந்து முட்டை தரமாட்டார்களாம்.
மடியில் அட்டையைப் பிடித்தபடி
858-இல் சன்னலோரம் உட்கார்ந்து
புளோக் எண்களைச் சத்தமாக வாசித்து வந்தாள்,
ரிசல்ட் பார்க்கிறவள் மாதிரி.

கம்பாஸ் அவென்யூவில் இறங்கினோம்.
ஒரு பக்கம் கார் நிறுத்தம், ஒரு பக்கம் தொழிற்சாலைகள்,
நடுவே, யாரும் அடுப்பு மூட்டாமல்
கொதித்துக்கொண்டிருக்கும் தரை.
குழாயைத் திறந்தால் ஆவி.
சிவப்பு வாளியில் முட்டைகளை மூழ்கவிட்டு
கைப்பேசியில் மணி பார்த்திருந்தார் ஒரு மலாய்க்கார அம்மா.
கப்பல் பட்டறைப் பையன்கள் மூன்று பேர்,
அறந்தாங்கிப் பேச்சு,
நூடுல்ஸ் வெந்ததா என்று ஒரு சண்டை.
முழங்கால் வரை சுருட்டிய கால்சட்டையோடு
கண்மூடி இருந்த சீனக் கிழவர்
கண்ணைத் திறக்காமலே நகர்ந்து இடம் கொடுத்தார்.

படிப்படியாக இறங்கும் தொட்டி.
மேல்படியில் விரல் வைத்தால் சுடும்,
கீழ்ப்படியில் கால் வைத்தால் பழகும்.
"இங்கயா வருவ?"
"ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு. அந்தா, எதுத்தாப்ல
அந்தச் சாம்பல் கட்டடம்தான் என் கம்பெனி."

கணுக்கால்வரை இறங்கிய பிறகு கேட்டாள்:
"அண்ணன் எப்படி இருக்கார்?"
வாட்ஸ்அப்பில் இரண்டு வருடமாக
'நல்லா இருக்கார்' என்று தட்டிய விரல்தான்.
காலைச் சுடுநீரில் வைத்துக்கொண்டு
அந்தப் பொய் வரவில்லை.
அவர் பெட்டியோடு போன வாரம் முழுக்க
காலை ஏழுக்கு இதே படியில் உட்கார்ந்திருந்ததை,
பிறகு வீட்டை விற்றதை, வாடகை அறையை,
முட்டை வேகும் நேரத்துக்குள் சொல்லி முடித்தேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
முட்டையை உடைத்தாள். வெள்ளை இன்னும் தளதளவென்று இருந்தது.
"வேகல" என்றாள்.
"இங்க இப்படித்தான் தின்பாங்க."
மலாய்க்கார அம்மா கேட்காமலே
சோயா புட்டியையும் மிளகுத்தூளையும் நீட்டினார்.
நாலு முட்டை தின்றாள்.
மூன்றைப் பையன்களுக்குக் கொடுத்தாள்.

அவள் மகனுக்கு அனுப்பிய படத்தில்
சிவந்துபோன நாலு பாதங்கள்.
'சிங்கம் எங்கம்மா?' என்று உடனே பதில்.
'லீவுல இருக்கு' என்று எழுதினாள்.

எதிர்ப்பக்க நிறுத்தத்தில் அதே எண்.
ஏறி உட்கார்ந்தால் விமான நிலையம்தான்.
நான் ஏறவில்லை, அவள் விடவில்லை.
"கால் காயுறதுக்குள்ள திரும்பப் போய் உக்காரு."

மறுநாள் ஒரு செய்தி:
கைப்பையில் ஒரு முட்டை தங்கிவிட்டதாம்.
ஆஸ்திரேலியப் படிவத்தில்
அதையும் எழுதவேண்டும் என்று பயந்து
கடலுக்கு மேலேயே உரித்துத் தின்றாளாம்,
உப்பில்லாமல்,
பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்த.